எறும்பு ஏறிய சீட்டு

புத்த பிக்கு ஒருவரின் பிச்சைப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றியவர், கூடவே ஒரு லாட்டரிச் சீட்டையும் போட்டுவிட்டுப் போனார். சீட்டு விளிம்பிலேயே தொற்றிக்கொண்டது.

“வந்திருக்கிறது கோடி ரூபாய் அதிர்ஷ்டமாக்கும்!” என்று பீற்றிக்கொண்டது.

“இருக்கட்டும்ப்பா. கஞ்சியில ஒரு எறும்பு விழுந்து தத்தளிக்குது. கொஞ்சம் சாயேன்” என்றது பாத்திரம்.

“நனைஞ்சா என் நம்பர் அழிஞ்சிடுமே! நாளைக்குக் குலுக்கல்!”

“உனக்கு நாளைக்கு. அதுக்கு இப்பவே.”

சீட்டு எட்டிப் பார்த்தது. எறும்பின் ஒரு கால் மட்டும்தான் மேலே தெரிந்தது. சீட்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு கஞ்சியில் சரிந்தது.

நம்பர் ஒவ்வொன்றாய் ஊறிக் கரைந்தது. எறும்பு சீட்டின் முதுகில் ஏறி மூச்சு வாங்கியது.

“என் அதிர்ஷ்டம், நல்ல நேரத்தில ஒரு இலை விழுந்துச்சு!” என்றது.

சீட்டுக்குச் சிரிப்பு வந்தது.

“ஆமா, இலைதான். கெட்டியாப் பிடிச்சுக்கோ.”