கடைசியில் ஒரு வட்டம்

"இன்னையோட முடிச்சுக்கறேன்டா" என்று திரையில் எழுத்து வந்தபோது சிஸுரு ஒரு பனிமலையின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தொங்கியது அவளல்ல, விளையாட்டில் அவள் பூண்டிருந்த வேடம். இருபது வயது வாலிபன், முதுகில் கோடரி, பெயர் முளைப்பயறு. பெயர் கேட்ட நேரத்தில் வெட்டுப்பலகையில் அதுதான் கிடந்தது, அதையே வைத்துவிட்டாள். நிஜத்தில் அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஜப்பானில் தொயாமா ஊரில் ஒரு பெரிய கடையின் பின்கட்டில் பலகாரம் பொரிக்கிறவள். இன்று விடுமுறை.

மலையுச்சியின் விளிம்பில் நின்று அதை எழுதிய வில்லாளிக்குப் பெயர் வாடை. அவன்தான் அவள் மகன் நவோயா.

நவோயா நான்கு வருடமாக மாடியறையை விட்டு வரவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருக்கும். வேளைக்கு வேளை வாசலில் தட்டை வைப்பாள். பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைப்பாள். இரண்டடி பின்னால் நகர்ந்து, ஓசைப்படாமல் இறங்கிவிடுவாள்.

புத்தாண்டுக்கு விளையாட்டுக் கம்பெனியிலிருந்து மகனுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. 'வீரர் வாடைக்கு' என்றிருந்தது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அவளும் உள்ளே நுழைந்தாள். கரை காணாத உலகம் அது. காடும் ஆறும் பாழடைந்த கோட்டையுமாகப் பதினோரு நாள் நாய் படாத பாடு பட்டாள். ஓநாய்களிடம் மட்டும் முப்பது தடவை செத்தாள். கடைசியில் ஒரு பாலத்தடியில் அவனைக் கண்டதும், காளான் சுட்டு அவன் காலடியில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"நல்லாருக்குடா முளை" என்று எழுதினான்.

நான்கு வருடத்தில் மகன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை. பெற்ற பிள்ளை 'டா' போட்டதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்ட தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மூன்று மாதமாகக் கூடவே சுற்றுகிறாள். ஒன்றில் மட்டும் கவனம். ஜப்பானிய எழுத்தில் முற்றுப்புள்ளியாக வாக்கியத்தின் கடைசியில் போடும் அந்தச் சின்ன வட்டத்தை மறந்தும் போடமாட்டாள். கடையில் கூட வேலை செய்யும் ரினா ஒருநாள் கேட்டாள். "என் மேல என்னக்கா கோவம்? மெசேஜ் கடைசில வட்டம் போட்டு அனுப்பிருக்கீங்க!" இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது முற்றுப்புள்ளி இல்லையாம். பேச்சை வெட்டி முகத்தில் கதவை அறைகிற மாதிரியாம். பெரிசுகள்தான் இன்னும் அதைப் போடுமாம்.

அம்மா என்று தெரிந்தால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு யாரோ சொன்னார்கள் என்று ஓர் ஆலோசகரைக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஒன்பது நாள் தட்டு தொடாமல் திரும்பியது.

இன்னையோட முடிச்சுக்கறேன்டா.

எதை? விளையாட்டைத்தானே?

மதியம் மூன்று மணி. கையிலிருந்த கருவியில் பனிக்காற்று ஊளையிட்டது. அதே காற்று மாடியிலிருந்தும் கேட்டது.

எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். முதல் படியில் கால் வைத்தாள். எடுத்துவிட்டாள். தட்டினால் என்ன செய்வானோ என்று பயம். தட்டாவிட்டால் என்ன செய்வானோ என்று அதைவிடப் பயம்.

படியடியிலேயே நின்று மலையேறினாள்.

முளைப்பயறின் தெம்பைக் காட்டும் கோடு குறைந்து சிவப்பானது. கை வழுக்கினால் அடிவாரத்தில் போய் விழ வேண்டியதுதான். மறுபடி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கட்டைவிரல் வியர்த்து வழிந்தது. சாமி, சாமி என்று வாய் முணுமுணுத்தது.

உச்சி வந்துவிட்டது. வில்லாளி முதுகைக் காட்டி நின்றான். அவனுக்கு முன்னால் வெறும் மேகம்.

கண்ணை மூடாத குறையாக அடித்து அனுப்பினாள்.

"நில்லு. அங்கேயே நில்லு."

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். இரண்டு வட்டம்.

வாடை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. மறைந்தது. மறுபடி காட்டியது.

"இன்னும் கோவமாம்மா?"



இன்னுமா? எப்போது கோபப்பட்டாள்? நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டின் மேல்முனையில் மதியம் வைத்த தட்டு தெரிந்தது. தட்டோரம் அவள் சீட்டு.

சாப்பாடு வெச்சிருக்கேன்.

நேற்று, குளிச்சிடு. அதற்கு முன்தினம், மழை வருது, ஜன்னலைச் சாத்து. நான்கு வருடம், வேளைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் கடைசியிலும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, உருண்டையாக, அழகாக ஒரு வட்டம்.

"இல்லடா கண்ணு" என்று அடித்தாள். விரல் பழக்கத்தில் வட்டத்துக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அனுப்பினாள்.



மாடியில் பனிக்காற்று சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தால் திரையில் வில்லாளி இல்லை. விளிம்பு மட்டும்தான் இருந்தது.



மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.