வயக்காட்டுக் கல்

வெள்ளைத்துரை வயிற்றை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி, கல் பரிசோதனைக்கூட வராந்தாவில் குறுகி உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டியது.

"என்னய்யா, வயித்த வலிக்குதா?" கல்லைச் சோதிக்கும் தனிஸ்லாஸ் கேட்டார்.

"வந்ததுலேருந்து கொல்லைப்பக்கமா ஓடுறாரு சார்" என்றாள் மனைவி ராமக்காள்.

"பாத்துப் போகச் சொல்லும்மா. நாங்க சோதிச்சு முடிச்ச கல்லப் பூரா அங்கதான் கொட்டி வச்சிருக்கோம். கால்ல குத்திரும்."

வாடிப்பட்டிப் பக்கம் அவர்கள் வயலில் சர்வே ஆட்கள் எடுத்த கல், துணிப்பையில் வெள்ளைத்துரையின் பக்கத்திலேயே இருந்தது. ஜீப்பில் கொண்டுவந்த டிரைவர், அதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

"கல்லுல செம்பு இருந்தா நெலத்த எடுத்துக்கிருவாங்களாமே சார்?"

"ஆமாம்மா. இல்லேன்னா நீங்க பாட்டுக்கு உழுதுக்கலாம்."

"நட்ட நாத்து இன்னும் வேர் பிடிக்கல சார். அத விட்டா எங்களுக்கு வேற நாதியில்ல."

தனிஸ்லாஸ் பையை எடுத்து, கயிற்றோடு மல்லுக்கட்டினார். "எவன்யா இதக் கட்டுனான்? வைக்கோக்கட்டு கட்டுனாப்புல!"

வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

கல்லை அறுத்து, வழவழவென்று தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார் தனிஸ்லாஸ். ஒரு துணுக்கைப் பொடியாக்கி, எரியவிட்டு, அந்த வெளிச்சத்தைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் மெஷினிலும் பார்த்தார். பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது.

வெளியே ராமக்காள் சாமியைக் கும்பிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தாள். "பாண்டி ஐயா, நெலம் நெலச்சிருச்சுன்னா ஒனக்குக் கெடா வெட்டுறேன்."

"அழுகாதடி. அதுல ஒண்ணும் இருக்காது."

"என்னமோ உள்ள புகுந்து பாத்தவராட்டம் பேசுறீக!"

கதவு திறந்தது. தனிஸ்லாஸால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேல பாத்தா வெறும் கருங்கல்லு மாதிரி இருக்கு. உள்ள அம்புட்டும் செம்பு. முன்னாடி ஆந்திராவுலேருந்து ஒரு செம்புக் கல்லு சோதனைக்கு வந்துச்சு, அச்சு அசல் அதே மாதிரி. என்னை மன்னிச்சிருங்கம்மா."

ராமக்காள் நெஞ்சில் அடித்துக்கொண்டு சரிந்தாள்.

வெள்ளைத்துரை பதறி எழுந்தார். வயிற்றைப் பிடித்திருந்த கைகள் நழுவ, வேட்டி மடியிலிருந்து ஒரு கல் தொப்பென்று தரையில் விழுந்தது.

"ஐயோ சார், எங்க வயக்காட்டுக் கல்லு இது! பையில இருந்தது ஒங்க கொல்லையில பொறுக்குனது!"