இடது பெடல்

பாலத்தின் பாதி ஏற்றத்தில் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

மறு நொடியே சைக்கிள் கனத்தது. பின்னால் ஓர் உப்பு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. என் முகத்துக்கு முன்னால் அப்பாவின் முதுகு விறைத்தது. வலது கால் மிதித்தது. இடது கால் பெடல் மேல் சும்மா கிடந்து நடுங்கியது.

நான் கேரியரில் உட்கார்ந்தபடி பள்ளிக்கூடப் பையின் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாதாவே, விழுந்துவிடக் கூடாது.

அந்தப் பைக்குள் புத்தகம் இரண்டுதான். மீதியெல்லாம் பேட்டரி.

பழைய லேப்டாப்களை உடைத்து எடுத்த நாற்பது செல்கள். ஒவ்வொன்றாக அளந்து, நல்லதைப் பொறுக்கி, ஒன்றுசேர்த்து, பெரிய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் அடைத்திருந்தேன். ஒயர் பையின் அடியில் போட்ட ஓட்டை வழியாக இறங்கி, என் துப்பட்டாவுக்குள் மறைந்து, பின்சக்கரத்துக்குப் போகும். சக்கரத்தின் நடுவில் மோட்டார். சுவிட்ச் பையின் ஓரத்தில், என் விரலுக்கு எட்டுகிற இடத்தில்.

மோட்டார் ஜெயகணேஷ் அண்ணனின் மெக்கானிக் கடையில் கிடந்தது. யாரோ கைவிட்டுப் போன மின்சார சைக்கிளிலிருந்து கழற்றியது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். சத்தம் வரக்கூடாது, வெளியே தெரியவும் கூடாது என்றேன்.

"ஏளா, கண்காட்சிக்கு வைக்கிற சாமான யாரு கண்ணுலயும் படாத மாரி கேக்குற ஒரே ஆளு நீதான்" என்று சிரித்தார். ஆனாலும் மாட்டிக் கொடுத்தார்.

அப்பாவிடம், பின்சக்கரம் துருப்பிடித்துவிட்டது, மாற்றிவிட்டேன் என்றேன். இந்தக் கடற்கரையில் துரு என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அப்பா சங்கு குளிக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடது கால் விளங்காமல் போனது. இன்னொரு தடவை இறங்கினால் காலோடு போகாது, உயிரே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஓர் உப்புக் கம்பெனி வாசலில் காவல்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதையும் கூட்டி வருவதையும் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாலம் வந்ததும் இறங்கித் தள்ளுவார். செருப்பு வார் அறுந்துவிட்டது என்பார். செயின் கழன்றுவிட்டது என்பார். தினமும் ஒரு புதுக் காரணம். என்னால் அதைக் கேட்க முடியவில்லை. அதற்காகத்தான் இதைச் செய்தேன்.

முதல் நாள் அழுத்தியதும் சைக்கிள் பாய்ந்தது. "ஏதோ தள்ளுத மாரி இருக்கே" என்றார் அப்பா.

"காத்துப்பா" என்றேன்.

பிறகு கற்றுக்கொண்டேன். இடது பெடல் கீழே போகும்போது மட்டும் மோட்டார் இழுக்க வேண்டும். அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் அது இழுக்கும். ஆகவே அவருடைய வலது கால் மிதிக்கும்போதே நான் அழுத்தியாக வேண்டும். என் விரலுக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. எவ்வளவு கொடுத்தால் ஒரு மனுஷன் அதைத் தன் பலம் என்று நம்புவான்? அதைக் கண்டுபிடிக்கிற சுவாரசியத்தில் வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது மாதம் அப்பா பாலத்தில் இறங்குவதே இல்லை.

அம்மா அழுதாள். வெள்ளியில் ஒரு சின்னக் கால் செய்து வாங்கி, மாதா கோயிலில் காணிக்கை வைத்தாள். வெள்ளிக் காலுக்கு முன்னால் நானும் முழங்காலில் நின்றேன்.

பாலத்தடி டீக்கடையில் ஈஸா காக்கா உட்கார்ந்திருப்பார். அப்பா முன்பு சங்கு குளிக்கப் போன படகு அவருடையது. நாங்கள் ஏறுவதைப் பார்த்து ஒருநாள் கத்தினார்.

"ஏலே, அந்தக் காலுக்கு என்னத்தல தடவுன? எனக்கும் ரெண்டு சொட்டு தா!"

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார், நாளை மறுநாள் சங்கு குளிக்கக் காக்கா படகில் ஏறுகிறேன் என்று. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய காலே அவருக்குச் சொல்லட்டும் என்றுதான் இன்றைக்குச் சாயங்காலம் பாலத்தின் பாதியில் விரலை எடுத்தேன்.

சைக்கிள் நின்றுவிட்டது. அப்பா வலது காலை ரோட்டில் ஊன்றினார். லாரி எங்களை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

இப்போது திரும்புவார், என்ன ஆச்சு என்பார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசையாக வைத்திருந்தேன்.

அவர் திரும்பவில்லை. கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே டீக்கடையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஏளா, ஏன் நிப்பாட்டுன? அமுக்கு. காக்கா பாத்துக்கிட்டு நிக்காரு."

நான் அமுக்கினேன்.

வலது கால் மிதிக்கும்போதே, ஒரு தடவைகூடப் பிசகாமல் அமுக்கினேன். அழகாக ஏறினோம். கீழே காக்கா கையை உயர்த்திக் காட்டினார்.

இப்போது மணி பதினொன்றரை. படகு நாலரைக்கு. அப்பா குறட்டை விடுகிறார். அம்மா என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

அவளை எழுப்பினால் போதும். அழுவாள், திட்டுவாள், காக்காவுக்குப் போன் போடுவாள். படகு அப்பா இல்லாமல் போய்விடும்.

ஆனால் எழுந்ததும் அவள் என்னிடம் ஒன்று கேட்பாள். ஒரு மணி நேரமாக நானே அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் தெரிந்த பிறகும், அவர் சொன்னதும் நான் ஏன் அமுக்கினேன்?