கோழிக்கு ஒரு ஒப்பாரி

"உங்க ஊர்ல செத்தவங்களுக்கு எப்படித்தான் அழுவீங்க?" என்று படப்பிடிப்புக்கு வந்த நடிகை ஒருமுறை சிறுமி தங்கப்பழத்திடம் கேட்டாள். சந்தைக்குப் போன அண்ணனைப் பிணமாகச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த அன்று அம்மா அழுததை அவள் அப்படியே பாடிக் காட்டினாள். அதற்கு நடிகையிடமிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் கிடைத்தது.

இப்போது டூரிங் கொட்டகைத் திரையில், பட்டிக்காட்டுக்காரி வேஷத்தில் அதே நடிகை, செத்த கோழியை மடியில் போட்டுக்கொண்டு மாரில் அடித்தாள்.

"சந்தைக்குப் போன என் ராசா, சாக்குல வாரியே!"

மேளம் சேர்ந்துகொண்டது. கொட்டகையே உருண்டு புரண்டு சிரித்தது. "நம்ம ஊர்க்காரி மாதிரியே அழுவுதா பாரேன்!" என்றாள் பக்கத்து வீட்டு இசக்கி.

அம்மா சிரிக்கவில்லை. திரை வெளிச்சத்தில் மகளின் சடையையே பார்த்தாள்.

"ஏட்டீ, அந்த ரிப்பன் ரோட்டுல கெடந்துச்சுன்னுதான சொன்ன?"

தங்கப்பழம் ரிப்பனை உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அம்மா சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே போனாள்.