அடுத்த சனிக்கிழமை ஆட்டம்

"எழுதினால் மூண்டு கிழமைக்குக் கிரவுண்டில கால் வைக்கேலாது. அடுத்த சனி மட்சும் போச்சு. அனுப்ப முதல் ஒருக்கா யோசி, மச்சான்."

இளங்கீரன் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சொன்னான். நோபல் பார்க் மைதானத்தின் கார் நிறுத்துமிடம் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் சுஜீதன், நடுவர் உடுப்பைக்கூட மாற்றாமல், கைப்பேசியில் அறிக்கைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான்.

அன்றைய கால்பந்தாட்டத்துக்கு அவன்தான் நடுவர். இளங்கீரனும் பிரவீணாவும் கோட்டோரம் கொடி பிடித்த உதவி நடுவர்கள். இரண்டாம் பாதியில், கிட்ட நின்று ஒருவர் ஓங்கி உதைத்த பந்து நேராகப் போய்த் தலையில் மோதியது. அடிபட்டவர் விழவில்லை. கொஞ்சம் தள்ளாடிவிட்டு, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி மறுபடி ஓடத் தொடங்கினார். ஆட்டமும் நிற்கவில்லை. ஆனால் கடைசி விசிலுக்குப் பிறகு அவர் ஸ்கோர் என்ன என்று கேட்டது மூன்று நடுவர்களுக்கும் தெரியும்.

களத்தில் இறங்கிய எவருக்கும் தலையில் அடிபட்டு இப்படித் தடுமாற்றம் வந்தால், நடுவர் அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். லீக்கின் விதி அது. எழுதிவிட்டால், டாக்டர் சரி என்று சொன்னாலும் மூன்று வாரத்துக்கு முன் களத்துக்குத் திரும்ப முடியாது.

சுஜீதனுக்கு அறிக்கையின் அருமை பட்டுத் தெரிந்திருந்தது. போன வருடம் மேல் தரத்துக்கு உயர்வு கேட்டபோது, களத்தில் அவனைக் குறை சொன்னவர் எவருமில்லை. பிந்திப்போன ஒரு சிவப்பு அட்டை அறிக்கைதான் அவனை விழுத்தியது. நன்றாக விசில் ஊதுகிறாய், எழுத்து வேலையில் உன்னை நம்ப முடியவில்லை என்று தேர்வுக் குழுவில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு ஆளே மாறிப்போனான். எந்த ஆட்டத்துக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தாலும், டண்டினோங்கில் தான் வேலை செய்யும் கிடங்கில் தேநீர் இடைவேளையிலேயே பதில் போட்டுவிடுவான். வர முடியாத நாட்களை முன்கூட்டியே சொல்லிவைப்பான். அறிக்கையை அனுப்பாமல் மைதானத்தை விட்டுக் கிளம்புவதில்லை. இந்த வருடமும் அவன் பெயர் உயர்வுக்குப் போயிருந்தது.

பிரவீணா வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவள், கொடி பிடிப்பது இதுதான் முதல் சீசன்.

"நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரிண்ணா. யாராவது கேட்டா, நான் எதையும் சரியா பார்க்கலைன்னு சொல்லிடறேன்."

அவளுடைய கார் வளைவில் மறைந்தது. பிறகு இளங்கீரன் மறுபடி தொடங்கினான். இரத்தம் இல்லை, இரண்டு அணிக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டில் இரண்டு நாள் படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் தணிந்தது.

"அந்த மட்சுக்காக எவ்வளவு பாடு. விடிய எழும்பி ஓடினதென்ன, வாயைக் கட்டினதென்ன. இனி இப்பிடி ஒண்டு கிடைக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

சுஜீதன் கண்களை மூடிக்கொண்டான். நிதுஷனின் நினைவு வந்தது. மே மாதத்தில் கோல் கம்பத்தில் தலை மோதிய பையன் அவன். மாநில அணித் தேர்வு அடுத்த வாரம் இருந்தது. எழுத வேண்டாம் என்று அவனுடைய தகப்பன் சிறிதரன், கம்பி வேலியோரம் சுஜீதனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். சுஜீதன் எழுதினான். பையன் தேர்வுக்குப் போகவில்லை. இன்றைக்கும் கோயிலில் கண்டால் சிறிதரன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"அண்டைக்கு அந்த மனுசன் அழுதழுது கேட்டும் எழுதினனான்," என்றான் சுஜீதன். "இண்டைக்கு எழுதாமல் விட்டால் நான் என்ன நடுவர்?"

"அது வேற, இது வேற."

"எல்லாற்ற தலையும் தலைதான், மச்சான்."

இளங்கீரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுஜீதன் எழுதத் தொடங்கினான். எழுதியதை வாசித்தான். அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். வீட்டில் காத்திருக்கும் கிரிஜாவை நினைத்தான். அவன் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போவதற்காக, முதியோர் இல்லத்தில் தன் வேலை நேரங்களை ஒரு வருடமாக மாற்றி மாற்றி வாங்கியவள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. மைதானத்து விளக்குகள் அணைந்தன.

அழுத்தினான்.

இளங்கீரன் காரைக் கிளப்பினான். பெருஞ்சாலையில் ஏறும் முன்பே போன் அடித்தது. சிவகௌரி. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று தீர்மானிக்கும் லீக் செயலாளர். சுஜீதன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ரிப்போர்ட் கிடைச்சுது, அண்ணா. இப்பதான் வாசிச்சனான்." என்றவள் தொடர்ந்தாள். "அடுத்த சனி உங்கட உயர்வுக்கு மார்க் போட வர இருந்தவருக்குச் சொல்லிப்போட்டன், நீங்கள் ஊத வரமாட்டீங்கள், உங்களுக்கு அடுத்ததாய் நிக்கிற இளங்கீரன்தான் ஊதுவார் எண்டு. அதை விடுங்கோ அண்ணா, உங்கட தலை இப்ப எப்பிடி, இன்னும் சுத்துதோ?"