கடைசி வரி

புயல் ஆய்வாளர் பெனிட்டாவின் நிரலைப் பார்த்துப் பயிற்சி வகுப்பே சிரித்தது. கடைசி வரியில் ‘நன்றி’ என்று அச்சிடச் சொல்லியிருந்தாள். ஒரு கணக்குக்கு நான்கு மாதம் ஓடும் தன் பழைய கணினிக்காக எழுதிப் பழகியது.

“இங்க நாப்பது ஊர் சூப்பர் கம்ப்யூட்டர் சேர்ந்து ஓடுதும்மா. நாப்பது நன்றி வரும்” என்றார் பயிற்சியாளர் வாசுகி.

பத்தே நிமிடத்தில் விடை வந்தது. கீழே ஊர்ப்பெயர்களோடு நன்றிகள். பெனிட்டா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“மேடம், கௌஹாத்திக்கு ரெண்டு இருக்கு. புனேக்கு ஒண்ணுகூட இல்ல.”

“புனே மெஷின் பாதியில நின்னிருக்கும். அந்த வேலையையும் கௌஹாத்தி செஞ்சிருக்கு.”

வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

“பாதி வரைக்கும் ஓடியிருக்கே” என்று முணுமுணுத்தபடி, பெனிட்டா நாற்பத்தொன்றாவது வரியைத் தானே தட்டினாள்: புனே, நன்றி.