மீன்கடையில் ஒரு வேலை

ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. ஒற்றைக் கால் கொக்கு ஒன்று இன்னொரு கொக்கின் மீன்கடைக்கு வேலை கேட்டு வந்தது. கரையிலிருந்த மற்ற கடைகளெல்லாம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. இதுதான் கடைசிக் கடை.

"நாள் முழுக்கத் தண்ணியில நிக்கணுமேப்பா. ஒரு காலை வச்சுக்கிட்டு எப்படி?" என்றது முதலாளிக் கொக்கு.

மீன் வெட்டிக்கொண்டிருந்த நண்டு சிரித்தது. "எட்டு இருந்தே எனக்குச் சாயங்காலம் வலிக்குது."

"அண்ணாச்சி, நீங்க எப்படி நிக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டது வந்த கொக்கு.

முதலாளி குனிந்து பார்த்தது. தண்ணீரில் அதன் ஒரே ஒரு கால்தான் ஊன்றியிருந்தது. மற்றதை எப்போது இறகுக்குள் மடக்கினோம் என்று அதற்கு நினைவில்லை.

"பக்கத்துல வந்து நில்லு" என்றது.

மீன் வாங்க வந்த நாரை பனிக்குள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

"இதுல முதலாளி யாருப்பா?"